தங்க முலாம் பூசிய ஜாவா: ஐவன் மேஜரைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

2013-ல் வேலைக்காகக் கோவையிலிருந்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு வந்தேன். நிலநடுக்கம் முடிந்து ஊரையே திரும்பக் கட்டிக்கொண்டிருந்த நேரம். நகரின் நடுவில் பாதி இடம் வேலி போட்டு அடைத்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போக இடம் தெரியாமல் கேன்டர்பரி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அங்கேதான் அந்த வண்டியைப் பார்த்தேன்.

தங்க முலாம் பூசிய பைக். விளக்கு வெளிச்சத்தில் கோயில் கலசம் மாதிரி மின்னியது. ஜாவா என்று தெரிந்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அப்பா யெஸ்டி வைத்திருந்தார். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்த வண்டி. அந்தச் செக் நாட்டுக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை பூமியின் இந்தக் கோடியில் பொன் உடுத்தி நிற்கிறது! கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தில் பிரேக் இல்லை. பின்சக்கரத்திலும் இல்லை. கழற்றி வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். காவலுக்கு நின்ற பெரியவர் என் முழிப்பைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். இந்த வண்டிக்குப் பிரேக் கிடையவே கிடையாது, ஒரே கியர்தான், இது ஐவனுடைய வண்டி என்றார். 'ஐவன்' என்று அவர் சொன்ன விதம், நம் ஊரில் பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வது போல இருந்தது.

அன்று இரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன். முழுப்பெயர் ஐவன் மேஜர். பின்பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் 'மாகர்' என்று வாசிக்கத் தோன்றும், உச்சரிப்பு 'மேஜர்'. கிறைஸ்ட்சர்ச்சில் 1939-ல் பிறந்தவர். ஸ்பீட்வே என்ற பைக் பந்தயத்தில் ஆறு முறை தனிநபர் உலகச் சாம்பியன்: 1968, 1969, 1970, 1972, 1977, 1979. 1970-ல் மூன்றாவது முறையும் தொடர்ந்து ஜெயித்தால் வண்டிக்கே தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று இரண்டு அமெரிக்க ரசிகர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஜெயித்தார். அவர்களும் வாக்கைக் காப்பாற்றினார்கள். அந்த வண்டிதான் நான் பார்த்தது.

நம் ஊர் ஆட்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்பீட்வே என்றதும் கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் நினைவுக்கு வரும். அது தார் போட்ட தடம். இது வேறு விளையாட்டு. முட்டை வடிவத்தில் ஒரு சின்ன மைதானம், கல்துகள் பரப்பிய தளர்ந்த தரை. நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகத் திரும்பும் ஓட்டம். 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். ஓட்டுபவரின் இடது காலில் இரும்பு லாடம் போல ஒரு தகடு. வளைவில் அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடி, பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வளைவுக்கு எதிராக வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு போவார்கள். வேகம் குறைவதெல்லாம் அந்தச் சறுக்கலால்தான். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். முதலாமவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்குச் சைபர்.

அந்தக் காலத்து உலக இறுதிப் போட்டி ஒரே இரவில் நடக்கும். பதினாறு பேர், இருபது ஓட்டங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம், மற்ற பதினைந்து பேரையும் ஒரு முறை எதிர்கொண்டாக வேண்டும். ஒரு தடவை சங்கிலி அறுந்தால், ஒரு தடவை கிளட்ச்சை அரை நொடி தாமதமாக விட்டால், அந்த வருஷமே போச்சு. அப்படிப்பட்ட இரவை ஒருவர் ஆறு தடவை வென்றிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் என் மனதில் நின்றது அந்த ஆறு இல்லை, அதற்கு முந்தைய ஆறு வருஷம். 1957-ல், பதினேழு வயதில், புதிதாகக் கல்யாணம் ஆன கையோடு மனைவி ரேயுடன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர் இவர். லண்டன் விம்பிள்டன் அணியில் இடம் கிடைத்தாலும் ஓட்டக் கிடைத்தது சொற்பம். மைதான வேலையும் செய்தார். சரிவரவில்லை, ஊர் திரும்பிவிட்டார். அதே ஊரில் ரோனி மூர் ஏற்கெனவே உலகச் சாம்பியன், பேரி பிரிக்ஸும் சாம்பியன். அந்த இரண்டு பேருடைய ஊரில், தோற்றுத் திரும்பிய பையனாக நடமாடுவது எப்படி இருந்திருக்கும்? வேறொருவராக இருந்தால் ஒரு மெக்கானிக் கடையோடு நின்றிருப்பார். இவர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஓட்டி ஓட்டித் தேர்ந்து, 1963-ல் மறுபடி போனார். இந்த முறை லண்டன் இல்லை, வடக்கே நியூகாசில். 1966 உலக இறுதியில் நான்காமிடம், 1967-ல் மூன்றாமிடம், 1968-ல் சுவீடனின் கோத்தன்பர்கில் முதலிடம். படி ஏறுவது போல ஏறியிருக்கிறார்.

மூர் இரண்டு, பிரிக்ஸ் நான்கு, மேஜர் ஆறு. இந்த ஓர் ஊர் பன்னிரண்டு உலகப் பட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் மேஜர் இறந்தபோதும், நான்கே மாதத்தில் ரோனி மூர் இறந்தபோதும் என்னோடு வேலை பார்த்த வயதான ஆட்கள் தேநீர் இடைவேளையில் பேசியது முழுக்க இவர்களைப் பற்றித்தான். நான் அவரை நேரில் பார்த்ததில்லை, வண்டியைத்தான் பார்த்தேன். நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

* * *

மான்செஸ்டரிலிருந்து:

தம்பி, நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, ஒரு சீசன் முழுக்க. எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து 1971-ல் மான்செஸ்டரில் இருந்தேன். அறைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஆங்கிலேயக் கிழவர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு ஹைட் ரோட்டுக்குப் போனார். பெல் வியூ ஏசஸ் அணியின் மைதானம். மேஜர் 1969 தொடக்கம் 1972 வரை அந்த அணிக்குத்தான் ஓடினார்.

உள்ளே போகமுதலே மணம் வந்தது. சின்ன வயதில் அம்மம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கெண்ணெய் ஊற்றுவாவே, அதே எண்ணெய் எரியிற மணம்! எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று கிழவர் விளங்கப்படுத்தினார். குளிரில் தனியாக நின்ற எனக்கு அந்த மணம் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேஜரைப் பற்றி நான் சொல்லக்கூடியது இரண்டு விஷயம். ஒன்று, அவருடைய வண்டியின் துப்புரவு. மற்ற ஆட்களின் வண்டிகள் இரண்டு ஓட்டம் முடிய மண்ணில் குளித்தமாதிரி நிற்கும். இவருடையது ஒவ்வொரு முறையும் துடைத்து, கடையில் இருந்து இறக்கின மாதிரி வரும். மற்றது, அவர் நாடாவுக்குக் கிட்டே வருகிற விதம். தொடக்கக் கோட்டில் குறுக்கே நாடா கட்டியிருக்கும், அது மேலே பறந்தவுடன் பாய வேண்டும். மற்றவர்கள் பதற்றத்தில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். மேஜர் அவசரமே இல்லாமல் வருவார். சக்கரம் நிற்கப்போகிற மண்ணைக் காலால் சீர் செய்வார், தலையைக் குனிவார், பிறகு அசைய மாட்டார். நாடா எழும்பும். முதல் வளைவுக்கு வரும்போது அவர் முன்னால் இருப்பார். எத்தனையோ ஓட்டங்களை அவர் அந்த முதல் முப்பது யாரிலேயே முடித்துவிட்டார் என்று கிழவர் சொல்லுவார். துணிச்சலைவிட ஆயத்தம் பெரிது என்று அந்த மனிசனைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது, படிப்புக்கும் அது உதவியது.

அவர் இருந்த காலத்தில் 1970, 1971, 1972 என்று மூன்று வருஷம் தொடர்ச்சியாக பெல் வியூ லீக் பட்டம் எடுத்தது. பிறகு அவர் எக்ஸீட்டர் அணிக்குப் போய்விட்டார். 1977 கோத்தன்பர்க் இறுதிப் போட்டியில் எனக்கு மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. எங்கள் பெல் வியூவின் பீட்டர் காலின்ஸ் அதற்கு முந்தின வருஷச் சாம்பியன், காயப்பட்ட காலோடு ஓடினார். கொட்டுகிற மழை, தடம் முழுக்கச் சேறு. மேஜருக்கு 14, காலின்ஸுக்கு 13. ஒரே ஒரு புள்ளி. காலின்ஸுக்காக அழ வேண்டும் போல இருந்தது, மேஜருக்காகக் கை தட்டாமலும் இருக்க ஏலவில்லை. அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது.

ஹைட் ரோட் மைதானம் 1987-ல் மூடப்பட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இப்பவும் நான் யன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

* * *

போலந்து, வ்ரோட்ஸ்வாஃபிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். நான் இங்கே மேற்படிப்புக்கு வந்தவள், மேஜரைப் பார்க்கும் வயது இல்லை. ஆனால் அவர் மூன்றாவது பட்டத்தை வென்ற ஒலிம்பிக் மைதானம் என் விடுதியிலிருந்து டிராமில் போகும் தூரம்தான். 1970-ல் இங்கே ஐந்து ஓட்டத்திலும் ஜெயித்து முழுசாகப் 15 புள்ளி எடுத்தார். இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்கள் போலந்துக்காரர்கள், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால். இந்த நாட்டில் ஸ்பீட்வேயின் பெயர் 'ஜூஜெல்', அதாவது கரி எரிந்து மிஞ்சும் கசடு. முன்பு அந்தக் கசடைத்தான் தடத்தில் கொட்டியிருக்கிறார்கள்.

என் தோழியின் தாத்தாதான் எனக்கு 1973 கதையைச் சொன்னார். ஹோஷுஃப் நகரின் சிலேசியா மைதானத்தில் உலக இறுதி. லட்சம் பேருக்கு மேல் கூட்டம், அதில் அவரும் ஒருவர். மேஜரும் உள்ளூர்க்காரர் யெஷி ஷ்சாகியெலும் ஆளுக்கு 13 புள்ளியில் சமம். பட்டத்தை முடிவு செய்ய இரண்டு பேர் மட்டும் ஓட வேண்டும். ஒருவர் உலகமே அறிந்தவர், மற்றவர் யாரும் எதிர்பார்க்காதவர். ஷ்சாகியெல் முன்னால் போகிறார். மேஜர் முந்தப் பார்த்து விழுந்துவிட்டார். தாத்தா இதைச் சொல்லும்போது எழுந்து நின்று கையால் காட்டினார். போலந்துக்கு அதுதான் முதல் தனிநபர் உலகப் பட்டம். அடுத்ததற்கு 2010 வரை, தோமாஷ் கோலோப் வரும் வரை காத்திருந்தார்கள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தாத்தா அந்த வெற்றியைச் சொல்லி முடித்த கையோடு மேஜரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அதே மைதானத்துக்கு 1979-ல் அவர் திரும்பி வந்தார். நாற்பது வயதாக ஒரு மாதம்தான் பாக்கி. எதிரில் செனோன் பிளெக், மறுபடியும் ஒரு போலந்துக்காரர். மேஜர் 14, பிளெக் 13. விழுந்த இடத்திலேயே வந்து ஆறாவது பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார் என்று தாத்தா சொன்னபோது குரலில் கொஞ்சமும் கசப்பு இல்லை. மேஜர் 1971, 1973, 1974 என்று மூன்று முறை இரண்டாமிடம் வந்தவர் என்பதை நான் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். என்னைக் கேட்டால், அந்த மூன்று தோல்வியையும் சேர்த்து எண்ணினால்தான் அவருடைய கணக்கு முழுமையாகும்.

இங்கே நான் நேரில் பார்த்தது பார்தோஷ் ஷ்மார்ஸ்லிக் என்ற போலந்து ஓட்டக்காரரை. வெளிப்பக்கச் சுவரை உரசுகிற மாதிரி வந்து கடைசி வளைவில் முந்துவார், பக்கத்தில் இருக்கும் குடும்பமெல்லாம் கழுத்துத் துண்டை வீசிக்கொண்டு கத்தும். அவர் வேறு அணி என்றாலும் கத்துவார்கள்!

* * *

கிறைஸ்ட்சர்ச்:

1973-ல் விழுந்த கதை எனக்குத் தெரியாது, மிக்க நன்றி. ஐயா சொன்ன அந்த நாடா விஷயத்தை நான் இங்கே ஊருக்கு வெளியே ஒரு தடத்தில் பார்த்தேன். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சின்ன வண்டிகளில் பழகிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் பந்தயமே இல்லை, வெறும் ஸ்டார்ட் மட்டும். நாடா எழும்பும், இருபது அடி போவார்கள், திரும்பி வருவார்கள், மறுபடியும். இதென்ன என்று அப்போது சலிப்பாக இருந்தது.

ஐயா, அந்தக் காலத்து நிகழ்ச்சிப் புத்தகம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அதில் ரசிகர்களே ஒவ்வொரு ஓட்டத்தின் புள்ளியையும் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன்.

* * *

மான்செஸ்டர்:

இருக்கிறது தம்பி. உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு நேற்று இரவு பெட்டியைத் திறந்து தேடினேன். முதல் நாள் போனபோது கிழவர் தன் பென்சிலைப் பாதியாக முறித்து எனக்கும் ஒரு துண்டு தந்தார், ஒவ்வொரு ஓட்டம் முடியவும் கட்டத்தில் எழுத வேண்டும் என்று பழக்கினார். மொத்தம் பதின்மூன்று ஓட்டம். பன்னிரண்டை ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன். மேஜர் முதன்முதலாக ஓடின ஓட்டத்தின் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

நாளைக்கு மகளைப் படம் எடுக்கச் சொல்லி அனுப்புகிறேன்.