எதிரிக்குத் தெரியும், வாட்சனுக்குத் தெரியாதா?

கெடிலக்கரையான்:
ஞாயிறன்று புதுச்சேரி வாசகர் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ், தான் உயிரோடு இருப்பதை மூன்று வருடம் நண்பர் வாட்சனிடம் மறைத்தது பாதுகாப்புக்காக, நட்புக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா" என்று முழங்கினார். கைதட்டல் வேறு. கதையைப் படித்தவர்கள்தான் தட்டினீர்களா? ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி விழுந்ததையும் ஹோம்ஸ் தப்பியதையும் மலைமேல் இருந்து பார்த்தவன் மோரியார்ட்டியின் கையாள் மோரன். பாறையைக்கூட உருட்டிவிட்டான். அதாவது 1891 மே மாதமே எதிரிக்குத் தெரியும். எதிரிக்குத் தெரிந்ததை நண்பனிடம் மறைப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

வைத்திக்குப்பம் வாத்தியார்:
மைக்கைப் பிடித்தவன் நான்தான். நேரடியாகவே திட்டியிருக்கலாம், கெடிலக்கரையாரே. ஹோம்ஸே காரணம் சொல்கிறார்: பலமுறை எழுதப் பேனாவை எடுத்தேன், உங்கள் பாசமே ரகசியத்தை வெளியே விட்டுவிடும் என்று பயந்தேன் என்று. வாட்சனுக்கு நடிக்க வராது. சாகக்கிடப்பதாக ஹோம்ஸ் நடிக்கும் கதையிலும் இதே காரணம்தான்.

கெடிலக்கரையான்:
யாரிடம் வெளியே விடும்? மோரனிடமா? மோரனுக்குத்தான் தெரியுமே சார்!

நெல்லித்தோப்பு நிலா:
சார், அண்ணா, ஒரு நிமிடம். தொழில் ரகசியம் என்பது வேறு, ஏமாற்று என்பது வேறு. இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவும் நண்பர் ஹேஸ்டிங்ஸிடம் இதைத்தான் செய்தார். 1927இல் வந்த நாவலில் இறுதிச்சடங்கு வரை நடந்துவிடுகிறது, ஹேஸ்டிங்ஸ் பாவம் அழுகிறார். கதை சொல்லும் வாட்சனையும் ஹேஸ்டிங்ஸையும் இருட்டில் வைத்தால்தான் வாசகரையும் இருட்டில் வைக்க முடியும். இது எழுத்தாளரின் உத்தி, நட்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

கெடிலக்கரையான்:
விளக்கமெல்லாம் அப்புறம், நிலா. மோரனுக்குத் தெரியுமா, தெரியாதா?

பழைய பேப்பர்:
தமிழ்வாணனின் சங்கர்லால் இருக்க, சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருக்க, ஹோம்ஸ் குடியிருந்த பேக்கர் தெருவுக்கு ஏன் இத்தனை கண்ணீர்? வசந்தை மூன்று வருடம் ஏமாற்ற முடியுமா? மூன்றாம் நாளே ஜோக் அடித்துக்கொண்டு வந்து நின்றிருப்பான்.

கெடிலக்கரையான்:
சங்கர்லாலுக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். சார், பதில்?

வைத்திக்குப்பம் வாத்தியார்:
பதில் இருக்கிறது, பொறுமைதான் இல்லை. மோரனுக்குத் தெரிந்தால் என்ன? ஊரைக் கூட்டிச் சொல்லவா போகிறான்? சொன்னால், அருவிக்கு மேலே உனக்கு என்ன வேலை என்று போலீஸ் கேட்கும். உலகம் நம்பியது வாட்சன் மனமுடைந்து எழுதியதை வைத்துத்தான். உண்மை தெரிந்திருந்தால் அவரால் அப்படி எழுதியிருக்க முடியுமா?

கெடிலக்கரையான்:
உலகம் நம்பி என்ன லாபம்? அந்தக் கும்பல் பேக்கர் தெரு வீட்டைக் கண்காணித்துக்கொண்டே இருந்தது. ஏன்? ஆள் உயிரோடு இருக்கிறார், என்றைக்காவது வருவார் என்று. அவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று ஹோம்ஸே வாயால் சொல்கிறார். ஆக, யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்கள் வாட்சனும் வீட்டுக்கார ஹட்சன் அம்மாவும். அந்த அம்மாள் திரும்பி வந்த ஹோம்ஸைப் பார்த்ததும் அலறிவிட்டார். போர்க்களம் பார்த்த வாட்சன், வாழ்க்கையில் முதல்முறையாக மயங்கி விழுந்தார். இடையில் மனைவியையும் இழந்திருந்தார் மனிதர். ஒரு வரி போடக் கூடாதா? அண்ணன் மைக்ராஃப்டுக்கு மட்டும் தகவல் போயிற்று. ஏனென்றால் பணம் வேண்டும்.

சில்வர்பீச் காற்று:
அப்படி ஓர் அண்ணன் இருப்பதையே வாட்சனிடம் ரொம்ப காலம் சொல்லவில்லையே. ஹோம்ஸை அநாதை என்றே நினைத்திருந்தார். எங்கள் மஞ்சக்குப்பத்தில் குடிவந்த அன்றே தாய்மாமன் என்ன வேலை என்று விசாரித்துவிடுவார்கள். இவர் என்ன கூட்டாளி?

வைத்திக்குப்பம் வாத்தியார்:
கடலூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி, புரிகிறது. வாட்சனின் மருத்துவத் தொழிலை அவர் கேட்ட விலைக்கு வாங்கிய வெர்னர் யார்? ஹோம்ஸின் தூரத்து உறவு. பணம் ஹோம்ஸ் கொடுத்தது. இது பாசம் இல்லையா?

கெடிலக்கரையான்:
அதையும் சொல்லாமல்தானே செய்தார்! வாட்சனுக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து. எனக்கு வாதம் எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி சார்.

வைத்திக்குப்பம் வாத்தியார்:
கிண்டல் இருக்கட்டும். மறைந்திருந்த காலத்தில் லாசா, மெக்கா, கார்ட்டூம் என்று சுற்றியவர், கடைசியில் எங்கள் பிரான்ஸின் மோன்பெல்லியே நகரில் நிலக்கரித் தார் ஆராய்ச்சி செய்தார். சும்மா ஒளிந்துகொண்டு இருக்கவில்லை.

கெடிலக்கரையான்:
"எங்கள் பிரான்ஸ்"! 1954லேயே கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள், யாரும் சொல்லவில்லையா? தார் ஆராய்ச்சிக்கு நேரம் இருந்ததாம், தபால்தலை ஒட்ட நேரம் இல்லையாம். மோரனுக்குத் தெரியும். இதைத் தாண்டி ஓர் அடி வையுங்கள் பார்க்கலாம்.

நெல்லித்தோப்பு நிலா:
1893இல் ஹோம்ஸைக் கொன்றபோது திரும்பக் கொண்டுவரும் எண்ணமே அவரைப் படைத்த கானன் டாயிலுக்கு இல்லை. 1903இல் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது, அதற்கு ஏற்ற மாதிரி மோரனை மலைமேல் ஏற்றினார். ஓட்டை கதையில் இருக்கிறது. நீங்கள் இருவரும் அதை ஹோம்ஸின் குணமாக்கிச் சண்டை போடுகிறீர்கள். நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது.

கெடிலக்கரையான்:
ஓட்டையோ கதவோ, மோரனுக்குத் தெரியும்.

வைத்திக்குப்பம் வாத்தியார்:
மறைப்பதைப் பற்றி நீங்கள் பேசலாமா? நான் கொடுத்த ஹோம்ஸ் தொகுப்பு 2015 வெள்ளத்தில் போய்விட்டது என்றீர்கள். நேற்று நீங்கள் போட்ட படத்தில் பின்னால் அலமாரி தெரிகிறது. மேல்தட்டில், முதுகில் பச்சை டேப் ஒட்டிய தடிப் புத்தகம் என்ன?

கெடிலக்கரையான்:
பச்சை டேப் உலகத்தில் ஒரே ஒரு புத்தகத்திலா ஒட்டியிருக்கும்? பதில் இல்லாவிட்டால் தனிமனிதத் தாக்குதல். சார் வகுப்பிலும் இப்படித்தானா?

பழைய பேப்பர்:
பச்சை டேப்பா? அட்டையின் உள்ளே மைக்கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது என் புத்தகம். வாத்தியார் சார், என்னிடம் வாங்கியதைத்தான் அவருக்குக் கொடுத்தீர்களா?

வைத்திக்குப்பம் வாத்தியார்:
அது வேறு புத்தகம்.