சொந்தத் தொழில் எண்ணம்: வீடு தருவதா, கை பழகி வருவதா?

மூன்றாம் வருடம்:
முகாமைத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். என் வகுப்பில் சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் விடமாட்டார்கள் என்பதே எல்லோரும் சொல்லும் காரணம். நான் அதை ஏற்கவில்லை. ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூன்றிலிருந்து எழுகிறது என்று உளவியலாளர் ஐசெக் ஐசன் 1991இல் எழுதினார்: அந்தச் செயல்மீது நமக்குள்ள மதிப்பு, வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. க்ரூகர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் இதைச் சோதித்தபோது, வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு எண்ணத்தை அசைக்கவில்லை.

நாலாம் குறுக்குத் தெரு:
தம்பி, "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தொழில்மீது என்ன மதிப்பு இருக்கும்? அந்த மதிப்பே வீட்டில் வார்த்ததுதான். லினியான், சென் என்ற ஆய்வாளர்கள் ஸ்பெயினிலும் தாய்வானிலும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். சுற்றத்தின் எதிர்பார்ப்பு நேராக வராமல் மற்ற இரண்டின் வழியாக வந்து சேர்கிறது.

அப்பா கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரி. மல்லி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஈரம் பார்த்த பிறகே விலை பேசுவார். பத்து வயதில் அதைப் பார்த்து நின்ற எனக்கு வியாபாரம் என்றால் பயமில்லை. எந்த விரிவுரை அதைத் தரும்?

மூன்றாம் வருடம்:
அண்ணா, என் அப்பா எழுதுவினைஞர். மூட்டையைத் தொட்டுப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு நானும் நண்பனும் பீட விழாவுக்கு 40 டீசேர்ட் அச்சிட்டோம். 11 மீந்தன, எல்லாம் பெரிய அளவு. அடுத்த முறை பெயர் எழுதி முற்பணம் வாங்கிய பின்பே அச்சிட்டோம். ஒன்றுகூட மீதமில்லை. எனக்குத் துணிவு வந்தது அன்றுதான். நம்மால் முடியும் என்ற நம்பிக்கையைத் தருபவற்றில், தானே செய்து வென்ற அனுபவத்துக்கே உளவியலாளர் பண்டூராவும் 1977இல் முதலிடம் கொடுத்தார்.

வெள்ளவத்தை அக்கா:
இருவரும் காசை மறந்துவிட்டீர்கள். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அப்போது இறுதி வருடம் படித்துக்கொண்டே கேக் செய்து விற்றேன். இன்று சொன்ன விலை நாளை நிற்காது. பெரிய அடுப்பு வாங்க வங்கிக்குப் போனால், நிரந்தர உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். எண்ணம் குறையாத எத்தனையோ பிள்ளைகள் அந்த மேசையில்தான் திரும்பிப் போகிறார்கள்.

நாலாம் குறுக்குத் தெரு:
பிணைக்கு ஆள் கிடைத்ததா?

வெள்ளவத்தை அக்கா:
சித்தப்பாவும் அவருடன் வேலை செய்பவர் ஒருவரும் கையெழுத்திட்டார்கள்.

நாலாம் குறுக்குத் தெரு:
பார்த்தீர்களா தம்பி, கடைசியில் வீடுதானே வந்து நின்றது?

மூன்றாம் வருடம்:
அக்கா, சித்தப்பா உடனே சம்மதித்தாரா?

வெள்ளவத்தை அக்கா:
இல்லை. முதலில் கேட்டபோது, ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். ஒரு வருடம் கழித்து, ஞாயிறுதோறும் விற்ற கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதன் பிறகே பேனாவை எடுத்தார்.