கார்டு விண்ணப்பம்: "கிரெடிட் ரிப்போர்ட் கிடைக்கவில்லை" என்று நிராகரிப்பு

வழிப்போக்கன்: அமெரிக்காவில் கார்டுக்கு விண்ணப்பித்தேன். என் கிரெடிட் ரிப்போர்ட்டை (கடன் வரலாறு) பார்க்க முடியவில்லை என்று மறுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் தரும் மூன்று நிறுவனங்களில் எக்ஸ்பீரியன் மட்டும் திறந்திருக்கு; ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டும் ஃப்ரீஸ் (புதுக் கடனுக்காக யாரும் ரிப்போர்ட்டைப் பார்க்க முடியாதபடி பூட்டியது). ஸ்கோர் 760. திரும்ப விண்ணப்பிக்கலாமா?

கணக்குப்பிள்ளை: வேண்டாம். ஸ்கோரில் குறையில்லை, கதவுதான் பூட்டியிருக்கு. எந்த நிறுவனத்திடம் ரிப்போர்ட் எடுப்பது என்பது வங்கிக்கு வங்கி மாறும்; ஒரே வங்கி இரண்டு மூன்று இடத்தில் எடுப்பதும் உண்டு. இணையத்தில் சுற்றும் "எந்த வங்கி எங்கே பார்க்கும்" பட்டியலை நம்பி ஃப்ரீஸ் எடுக்காதீங்க. மறுப்புக் கடிதம் 30 நாளுக்குள் வரணும். ரிப்போர்ட்டை வைத்து மறுத்திருந்தால் அதைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்கணும், அது சட்டம்.

பெயர் தெரிந்ததும் அந்தத் தளத்தில் போய், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று தேதி போட்டுத் திறங்க. காசு கிடையாது. ஆன்லைனிலோ போனிலோ கேட்டால் 1 மணி நேரத்துக்குள் திறந்தாகணும்; தபாலில் 3 வேலை நாள். அப்புறம் வங்கியைக் கூப்பிட்டு, "ஃப்ரீஸ் எடுத்தாச்சு, அதே விண்ணப்பத்தை மறுபரிசீலனை பண்ணுங்க" என்று சொல்லுங்க. புதுசாகப் போட்டால் இன்னொரு ஹார்ட் என்கொயரி (கடனுக்காக ரிப்போர்ட்டைப் பார்த்த பதிவு, ஸ்கோரைக் கொஞ்சம் குறைக்கலாம்) விழ வாய்ப்பிருக்கு.

வழிப்போக்கன்: கடிதத்தில் ஈக்விஃபேக்ஸ் என்று இருக்கு. ஆனால் எக்ஸ்பீரியனில் ஏற்கெனவே ஒரு ஹார்ட் என்கொயரி இருக்கே? நீக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை: முதலில் எக்ஸ்பீரியனில் எடுத்துவிட்டு அடுத்த கதவில் முட்டியிருக்காங்க. விண்ணப்பித்தது நீங்கதானே, டிஸ்ப்யூட் (தவறான பதிவு என்று ஆட்சேபம்) போட்டாலும் நிற்காது. ரிப்போர்ட்டில் 2 வருஷம் இருக்கும். ஃபைகோ ஸ்கோர் (வங்கிகள் அதிகம் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர்) கணக்கில் கடைசி 12 மாதம்தான். பெரும்பாலும் 5 புள்ளிக்குள் அடங்கிவிடும்.

ஓரக்குறிப்பு: இரண்டு விஷயம் சேர்த்துக்கிறேன். ஃப்ரீஸ் வேறு, இந்த நிறுவனங்களின் ஆப்பில் இருக்கும் 'லாக்' வேறு. இரண்டும் போட்டிருந்தால் இரண்டையும் எடுக்கணும். அடுத்தது, நம்ம ஆளுங்களுக்கே உரிய தலைவலி: பெயர். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் லாஸ்ட் நேமாக இருக்கும், விண்ணப்பத்தில் வெறும் இனிஷியல் இருக்கும். கூடவே பழைய முகவரியும் சேர்ந்தால், ஃப்ரீஸ் எடுத்த பிறகும் "ரிப்போர்ட் கிடைக்கவில்லை" என்றே வரலாம். வங்கியைக் கூப்பிடும் முன் ஈக்விஃபேக்ஸ் ரிப்போர்ட்டை எடுத்து, முதல் பக்கத்துப் பெயரை எழுத்தெழுத்தா ஒப்பிடுங்க. மறுப்பு வந்த 60 நாளுக்குள் கேட்டால் அதுவும் இலவசம்.

வழிப்போக்கன்: பெயர் சரியாக இருக்கு, முகவரிதான் பழசு. மாற்றிவிட்டுக் கூப்பிடறேன்.

ஓரக்குறிப்பு: அது ரிப்போர்ட்டில் ஏற நாளாகும். அதுவரை போனில் முந்தைய முகவரியையும் சேர்த்தே சொல்லுங்க.