ஜாவா ரிஃப்ளெக்‌ஷனோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டா? அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமே ஒரு கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைக் கூப்பிடும் வசதி.

சோர்ஸ் கோடு தொலைந்துபோன ஒரு ஜார் ஃபைல்தான் (கம்பைல் பண்ணிய ஜாவா கிளாஸ்களின் மூட்டை) என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டது. வட்டி கணக்குப் போடும் லைப்ரரி. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முதலில் கெட்மெத்தட்ஸ் போட்டேன். வெயிட், நோட்டிஃபை, ஹாஷ்கோடு என்று ஆப்ஜெக்ட் கிளாஸின் சொந்தக்காரக் கூட்டமே வந்து நின்றது. எனக்கு வேண்டிய பிரைவேட் மெத்தட் மட்டும் இல்லை. அப்புறம்தான் கெட்டிக்ளேர்டுமெத்தட்ஸ். அந்த கிளாஸிலேயே எழுதியதை மட்டும், பிரைவேட் உட்பட, காட்டியது.

சரி, கூப்பிடலாம் என்று பெயர் சொல்லித் தேடினால் நோசச்மெத்தட்எக்ஸெப்ஷன்! லிஸ்டில் கண் முன்னால் இருப்பதை இல்லை என்கிறது. கடைசி பாராமீட்டர் இன்ட் என்ற அடிப்படை எண் வகை, நான் கொடுத்தது அதைப் பொதிந்து வைக்கும் இன்டீஜர் கிளாஸ். அழைக்கும்போது இரண்டும் ஒன்றுபோலப் போய்விடும், தேடும்போது போகாது. அரை நாள் போச்சு.

அடுத்து, முதல் இரண்டு டபுள் (தசம எண்) பாராமீட்டரில் அசல் எது, வட்டி வீதம் எது? பெயரைக் கேட்டால் ஆர்க்0, ஆர்க்1 என்று வருகிறது. 2014-ல் வந்த ஜாவா 8-லிருந்து நிஜப் பெயர் கிடைக்கும், ஆனால் கம்பைல் பண்ணும்போதே பாராமீட்டர்ஸ் ஆப்ஷன் கொடுத்திருக்க வேண்டும். இது அதற்கும் முந்தைய ஜார். 1000, 12, 1 வருஷம் கொடுத்தேன்: 120. முதல் இரண்டை மாற்றிக் கொடுத்தேன், அதுவும் 120. தனிவட்டியில் எப்படிப் போட்டாலும் அதுதானே வரும்! கூட்டுவட்டி மெத்தடில் 2 வருஷத்துக்குப் போட்டதும் குட்டு உடைந்தது. ஒன்று 254.40, இன்னொன்று 1440.

---

அண்ணா, உங்களுக்குப் பெயர்தான் போனது, எங்களுக்கு வரிசையே போனது. ஜாவா 6-ல், கோடைச் சோதிக்கும் ஜேயூனிட் கருவியில் எங்கள் டெஸ்ட்டுகள் எழுதிய வரிசையிலேயே ஓடின. முதல் டெஸ்ட் டேட்டாபேஸில் ஒரு வரி போடும், அடுத்தது அதை எடுத்துத் திருத்தும். (எழுதியது நான்தான், திட்டாதீர்கள்.) ஜாவா 7-க்கு மாறியதும் ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில். நெட்வொர்க் மேல் சந்தேகம், டேட்டாபேஸ் மேல் சந்தேகம். கடைசியில் பார்த்தால், ஜேயூனிட் டெஸ்ட்டுகளைத் தேடுவதும் ரிஃப்ளெக்ஷனில்தான்; அதில் மெத்தட்கள் எந்த வரிசையிலும் வரலாம் என்று ஜாவா ஆவணத்திலேயே போட்டிருக்கிறான். ஜேயூனிட் 4.11-ல் வரிசையை நிலையாக்கினார்கள், ஆனால் அது நாம் எழுதிய வரிசை இல்லை. டெஸ்ட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதித்தான் தப்பித்தேன்.

---

பிரைவேட்டை செட்அக்ஸஸிபிள் (பூட்டைத் திறக்கும் மெத்தட்) போட்டுத் திறப்பது உங்கள் சொந்த ஜாரில் சரி. நாங்கள் ஜாவாவின் சொந்த அரேலிஸ்ட் கிளாஸின் உள்ளே, உறுப்புகளை வைத்திருக்கும் எலிமென்ட்டேட்டா அரேயைத் திறந்து கொள்ளளவு பார்த்துக்கொண்டிருந்தோம். 8-லிருந்து நேராக 17-க்குத் தாவியதும் ஜாவா தன் உள்ளறைகளைப் பூட்டிவிட்டதால் இன்அக்ஸஸிபிள்ஆப்ஜெக்ட்எக்ஸெப்ஷன் வந்து விழுந்தது. இப்போதைக்கு, அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லும் ஆட்-ஓபன்ஸ் ஆப்ஷன் கொடுத்து ஒப்பேற்றியிருக்கிறோம். சர்வரைக் கிளப்பும் கமாண்ட் மட்டும் நாலு வரிக்கு நீண்டுவிட்டது.