குணமாகாத பிள்ளைக்காக இனி எப்படி ஜெபிப்பது?

கேள்வி: பொறையாற்றிலிருந்து ஒரு தாய்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் மகனுக்கு 11 வயது. பிறந்த வேளையில் பிராணவாயு குறைந்ததால் மூளை முடக்குவாதத்துக்கு ஆளாகி, நடக்கவும் வாய்விட்டுப் பேசவும் இயலாதவனாக இருக்கிறான். ஆனால் எல்லாவற்றையும் புரிந்துகொள்வான். அவனுக்காக நாங்கள் போகாத உபவாசக் கூட்டம் இல்லை, எண்ணெய் பூசி ஜெபிக்காத ஊழியர் இல்லை. சென்ற மாதம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், பெற்றவர்களின் அவிசுவாசமும் அறிக்கையிடாத பாவமுமே பிள்ளையைக் கட்டிவைத்திருக்கின்றன என்று மேடையிலிருந்தே சொன்ன ஊழியர், விசுவாசத்தின் அடையாளமாக வலிப்பு மாத்திரையை நிறுத்தும்படியும் கூறினார். அன்றிரவு என் மகன் எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தின்மேலும் விரலை இழுத்து இழுத்து வைத்து, "என் தப்பா" என்று கேட்டான். மாத்திரையை நான் நிறுத்தவில்லை. என் மாமியார் அதையே குறையாகப் பேசுகிறார். சுகம் கேட்டு இன்னமும் ஜெபிப்பதா, கேட்பதை விட்டுவிட்டால் அது அவிசுவாசமாகுமா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தரங்கம்பாடி, ஓய்வுபெற்ற உபதேசியார்

அம்மா, நீங்கள் செய்ததே சரி. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்க வேண்டாம். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனபோது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதினாரே தவிர, விசுவாசம் போதவில்லை என்று கடிந்துகொள்ளவில்லை.

எபேசுவில் பவுலின் உடலில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டதும் வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே எபேசு பட்டணத்தைச் சேர்ந்த துரோப்பீமுவைத்தான், பவுல் தம் கடைசி நிருபத்தில், மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். அதற்குக் காரணமோ குற்றமோ அவர் எதுவும் சொல்லவில்லை. நம் ஊரில் 1706-ல் வந்திறங்கிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்த சீகன்பால்கு ஐயரும் நோயோடேயே ஊழியம் செய்து, 1719-ல் 36 வயதில் காலமானவர்தான்.

கேட்பதும் தகும், ஓய்ந்திருப்பதும் தகும். தம் மாம்சத்தின் முள் என்று தாமே சொன்ன வேதனை நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டார். 88-ஆம் சங்கீதமோ விடிவு எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகவே வேதம் வைத்திருக்கிறது.

பதில்: நாகப்பட்டினம், கத்தோலிக்கச் செவிலியர்

சகோதரி, வேளாங்கண்ணியில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவன் மாதாவின் அருளால் எழுந்து நடந்தான் என்ற மரபைக் கேட்டே நான் வளர்ந்தேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்திக் கால்நடையாக வந்து, அதே நோயோடு ஊர் திரும்புகிறவர்களையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் செலுத்திய வெள்ளிக் கால்களும் கைகளும் விசுவாசத்தில் எடை குறைந்தவை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

பதில்: கும்பகோணம்

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டேன். உபதேசியார் ஐயா சொன்னவை அனைத்தும் உண்மை. அவற்றோடு, அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

யோவான் 9-ல் "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் சொன்னதை இன்றே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்படி என்று அதே வசனத்தில் வருவதை வைத்து, நீ ஓர் அற்புதத்துக்காகவே பிறந்தவன் என்று என் சிறுவயதில் பலர் சொன்னார்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் எழுந்து நடக்காத என் காலை எல்லாரும் பார்ப்பார்கள். அந்தச் சுமையை அவன்மேல் யாரும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு அழைத்தால் முதலில் அவனைக் கேளுங்கள்; பலகையில் அவன் "வேண்டாம்" என்று காட்டினால், அங்கே அதுவே முடிவாக இருக்கட்டும்.

சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத்தை ஐந்து வயதில் தாதி தவறவிட்டதால் இரண்டு காலும் முடமாயின. தாவீது அவனைக் குணமாக்கவில்லை; தன் பந்தியில் நித்தமும் உட்காரவைத்தான். இரண்டு காலும் முடமாயிருந்தது என்ற செய்தியோடேயே அதைச் சொல்லும் 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம் முடிகிறது. சபையிடம் நான் கேட்பதும் அந்த இடத்தைத்தான். முழந்தாளிட முடியாமல், ஒரு கையால் கிராதியைப் பிடித்து நின்றபடியே நான் திருவிருந்து வாங்குகிறேன். எங்கள் போதகர் அப்பத்தை என் உயரத்துக்கு ஏந்தித் தருவார், அதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றியதில்லை.

உங்கள் மகன் ஞாயிறு பள்ளிக்குப் போகிறானா? இல்லையென்றால், மற்றப் பிள்ளைகளின் வரிசையிலேயே நாற்காலியோடு அவனுக்கு இடம் கேளுங்கள். ஆசிரியரிடம் அந்த எழுத்துப் பலகையைக் காட்டிப் பழக்குங்கள். ஆலய வாசலில் படி இருந்தால் சாய்தளம் வேண்டும் என்று சபைக் கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.