கலைச்சொல்: வரவிருக்கும் முடிவை நாடகம் முன்பே உணர்த்தும் உத்திக்கு என்ன பெயர்?

பாளையங்கோட்டையிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கான நாடகக் கலைச்சொற் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவிருக்க, ஒரு சொல் மட்டும் அமையாமல் நிற்கிறது. ரோமியோவின் பெயரைக்கூட அறியுமுன், அவன் மணமானவன் என்றால் கல்லறையே தன் மணப்படுக்கை என்கிறாள் ஜூலியட். இந்த உத்திக்குப் பெயர் வேண்டும். 'முன்னறிவிப்பு' என்றால் பிள்ளைகளுக்கு வானிலைதான் நினைவுக்கு வருகிறது.

தென்காசியிலிருந்து:
வரப்போவதைக் காட்டும் குறிக்கு 'நிமித்தம்' இருக்கப் புதுச்சொல் எதற்கு? சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிப்பது வேறென்ன? இன்னும் பழமை வேண்டுமென்றால், முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லையும் தூவிக் கேட்டு நின்ற 'விரிச்சி' (தற்செயலாய்க் காதில் விழும் குறிச்சொல்) இருக்கிறது. மறைந்த பொருள் விரிவதால் அது விரிச்சி என்பது என் நெடுநாள் கருத்து.

கோவில்பட்டியிலிருந்து:
நிமித்தம் வடசொல். 'வருகுறி' என்று சொல்லலாமே.

தென்காசியிலிருந்து:
'நாளும் புள்ளும் பிறவற்று நிமித்தமும்' என்று புறத்திணையியலில் தொல்காப்பியரே ஆண்ட சொல்லை விலக்க நாம் யார்?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
அண்ணாச்சி, வடசொல்லா தென்சொல்லா என்பதைவிட, அச்சொல் இங்கே பொருந்துமா என்பதே என் ஐயம். நிமித்தம் கதைக்குள் இருப்பவருக்கு வருவது. நாம் பெயர் தேடுவதோ புலவர் நமக்குச் செய்வதற்கு. கொலைக்களக் காதையில் இமிலேறு (திமிலுள்ள காளை) எதிர்ப்படுகிறது; அது தீக்குறி என்று கோவலன் அறியான், படிப்பவர் அறிவார். மதுரைக் கோட்டைக் கொடிகள் 'வாரல்' (வராதே) என்பனபோல் கைகாட்டுவது நிமித்தமே அன்று, இயல்பான அசைவின்மேல் இளங்கோ தம் கருத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்றம். மணவறையிலேயே 'காதலர்ப் பிரியாமல் கவவுக்கை ஞெகிழாமல்' (அணைத்த கை தளராமல்) என்று வாழ்த்த வைத்தாரே, பிரிவை முன்பே தொனிக்கும் அந்த மங்கலச் சொல்லை எந்த நிமித்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

'அறிவிப்பு' பொருந்தாததற்கும் வானிலை மட்டும் காரணமன்று. காதலர் இருவரும் மாள்வர் என்பதை ரோமியோ நாடகத்தின் 14 அடி முன்னுரையே அறிவித்துவிடுகிறது. நம் பக்கத்து வில்லுப்பாட்டிலும் அப்படித்தான்; கதைத்தலைவன் முத்துப்பட்டன் மாள்வான் என்பது, சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் அவனுக்குச் செருப்புக் காணிக்கை வைக்கும் எவருக்கும் தெரியும். அறிவித்த பிறகும் ஜூலியட்டின் சொல் நம்மைத் தைக்கிறதே, அந்த வேலைக்குத்தான் பெயர் வேண்டும். தொல்காப்பிய மரபியலின் முப்பத்திரண்டு உத்திகளுள் 'வந்தது கொண்டு வாராதது உணர்த்தல்' ஒன்று. அதிலிருந்து 'வாராததுணர்த்தல்' என்று கொள்ளலாம்.

கோவில்பட்டியிலிருந்து:
அது நூல் யாப்பதற்கு உரிய உத்தி, நாடகத்துக்குச் சொன்னதன்று. தேர்வுத்தாளில் அதைப் பிழையின்றி எழுத எத்தனை பிள்ளைகளால் முடியும்? அதிலுள்ள 'உணர்த்தல்' மட்டும் போதும்: 'முன்னுணர்த்தல்'.

பாளையங்கோட்டையிலிருந்து:
மூவர் இசைந்துவிட்டதால் 'முன்னுணர்த்தல்' என்றே சேர்க்கிறேன். நிமித்தம், விரிச்சி இரண்டும் அதன் வகைகளாக அடியில் வரும்.

தென்காசியிலிருந்து:
வகையாக அன்று, மாற்றுச்சொல்லாகப் போடுங்கள் அம்மா. அச்சுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. விரிச்சியின் வேரைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.