மகள் பாடும் ‘ஸ’ கீபோர்டில் எங்கே இருக்கிறது?

முதுநகர் அப்பா:
வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறோம். மகளை விஜயதசமி அன்று மஞ்சக்குப்பத்தில் பாட்டு வகுப்பில் சேர்த்தோம். துணைக்கு வாசிக்கலாமே என்று தீபாவளிக்கு ஒரு கீபோர்டு வாங்கினேன். ஞாயிறுதோறும் புதுச்சேரி போய் ஒரு சாரிடம் கற்கிறேன். அவர் சர்ச்சில் வாசிப்பவர். வெள்ளைக் கட்டைகளைத் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்றுதான் சொல்வார்.

தோ என்றால் ஸ, ரே என்றால் ரி என்று நானாக வைத்துக்கொண்டேன். நேற்று இரவு அவள் சரளி வரிசை (ஆரம்பப் பாடமான ஸ்வரப் பயிற்சி) பாட, நான் ஏழு வெள்ளைக் கட்டைகளையும் வரிசையாக அழுத்தினேன். ஒட்டவே இல்லை. “அப்பா, நீங்க வேற எங்கயோ போறீங்க” என்று பாட்டை நிறுத்திவிட்டாள்.

அவள் நோட்டின் முதல் பக்கத்தில் ‘5 கட்டை’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே ‘ஸ ரி க ம | ப , | ஸ ரி ||’ என்று ஒரு வரி. கமா வந்தால் மூச்சு விட வேண்டுமா? சில எழுத்துகளின் தலையில் புள்ளி வேறு.

வயலின் அக்கா, முத்தியால்பேட்டை:
அண்ணே, நான் பள்ளியில் பிரெஞ்சு முறையில் ஸ்டாஃப் (கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பு) படித்துவிட்டு அப்புறம் கர்நாடக வயலினுக்கு வந்தவள். இதே இடத்தில் நானும் ஆறு மாதம் முட்டி நின்றிருக்கிறேன்.

உங்கள் சார் சொல்லும் தோ என்றைக்கும் ஒரே சுருதிதான். பிரெஞ்சு வழியில் அது அந்தக் கட்டையின் பெயர். யார் பாடினாலும் மாறாது. ஸ அப்படி இல்லை. அது அம்மா, அத்தை மாதிரி உறவுப் பெயர். பாடுபவர் எங்கே உட்காருகிறாரோ அங்கே ஸ, மற்ற ஆறும் அங்கிருந்து எண்ணி வருபவை. தோவை 1 என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்கள். ஐந்தாவது சோல். உங்கள் மகளின் 5 கட்டை அதுதான். கீபோர்டின் நடுத் தோவுக்குக் கீழே இருக்கும் சோலை அழுத்திக்கொண்டு அவளை ஸ பிடிக்கச் சொல்லுங்கள், ஒட்டிவிடும்.

இரண்டாவது சிக்கல், சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகம், 15ஆவது மேளம் (மேளம் என்றால் தாய் ராகம்). நீங்கள் தோவிலிருந்து வெள்ளைக் கட்டைகளாகவே போனால் வருவது சங்கராபரணம், 29ஆவது மேளம். ரியும் தவும் இரண்டிலும் வேறு வேறு. மாயாமாளவகௌளையில் ரி ஸவை ஒட்டிய அடுத்த கட்டை, த பவை ஒட்டிய அடுத்த கட்டை. ரிக்கும் கவுக்கும் நடுவே பெரிய இடைவெளி, தவுக்கும் நிக்கும் நடுவேயும் அப்படியே. அந்த இடைவெளியைக் காதால் பிடித்துவிட்டால் ராகம் முகம் காட்டும்.

சோலிலிருந்து தேடுவது சிரமமாக இருந்தால் ட்ரான்ஸ்போஸ் பட்டனில் (எல்லாக் கட்டைகளின் சுருதியையும் சேர்த்து ஏற்றி இறக்குவது) -5 வையுங்கள். அப்புறம் நடுத் தோவையே ஸ என்று வைத்து அழுத்தலாம்: தோ, அதை ஒட்டிய கறுப்பு, மி, ஃபா, சோல், அதன் வலப்பக்கம் ஒட்டிய கறுப்பு, சி, மேல் தோ. ஞாயிறு வகுப்புக்கு முன்னால் மறக்காமல் 0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்னொன்று. யூடியூப் பார்த்தால் அங்கே ‘சி’ என்பது இங்கிலீஷ் எழுத்து, அதாவது உங்கள் சாரின் தோ. சாரின் ‘சி’ அவர்களுக்கு ‘பி’. நான் இதில் ஒரு அரங்கேற்றத்துக்கே தப்பான சுருதியோடு போய் நின்றேன், அதனால் சொல்கிறேன்.

ஸ்டாஃப் ஐந்து கோடு. முதலில் வரும் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி இருக்கும். அந்தக் கோடுதான் சோல். உங்கள் மகளுக்கு அது மேல் ஸ்தாயி ஸ, அதாவது அடுத்த ஏழு ஸ்வரச் சுற்றின் தொடக்கம். நோட்டில் தலையில் புள்ளி வைத்த ஸ அதுவேதான். அடியில் புள்ளி இருந்தால் கீழ் ஸ்தாயி.

மிருதங்கத் தம்பி, சிதம்பரம்:
கமாவில் மூச்சு விடக் கூடாது, சார். முன்னால் வந்த ஸ்வரத்தையே இன்னொரு எண்ணிக்கை நீட்ட வேண்டும். அரைப்புள்ளி வந்தால் இரண்டு எண்ணிக்கை. நெட்டெழுத்தாக ‘பா’ என்று இருந்தாலும் ‘ப ,’ என்பதும் ஒன்றுதான்.

கையில் போட்டுப் பாருங்கள். ஆதி தாளம் 8. ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அது லகு. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, இரண்டு த்ருதம். நீங்கள் எழுதிய வரியில் ஐந்தாவது எண்ணிக்கையில் வரும் தட்டில் ‘ப’ பிடித்து, வீச்சிலும் அதே ‘ப’. ஒற்றைக் கோடு அங்கம் (லகு, த்ருதம் போன்ற தாளப் பகுதி) முடிவு, இரட்டைக் கோடு ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) முடிவு. எழுத்துகளின் மேலே படுக்கைக் கோடு இருந்தால் இரட்டிப்பு வேகம்.

முதுநகர் அப்பா:
அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி. -5 வைத்து வாசித்தேன். அவள் ‘ரி’ பாடும்போது அந்தக் கறுப்புக் கட்டை அப்படியே போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் கையில் தாளம் போட்டு அந்த ‘ப’வை நீட்டினோம். இனி தினமும் கீபோர்டிலேயே பழக வைக்கலாமா?

வயலின் அக்கா, முத்தியால்பேட்டை:
வேண்டாம் அண்ணே. சரளி வரிசை, அடுத்து வரும் ஜண்டை வரிசை வரைக்கும் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கட்டையை அழுத்தினால் ஸ்வரம் ஆடாமல் அப்படியே நிற்கும். கீதம், வர்ணம் என்று பாட்டுகள் வந்ததும் டீச்சர் கமகம் சொல்லித் தருவார், அது இரண்டு கட்டைகளுக்கு நடுவே அசைவது. அப்போது தம்புரா மட்டும் போடுங்கள், அவள் டீச்சரின் குரலைக் கேட்டுப் பிடிக்கட்டும்.